பட்டுப்புழுவோட புரதத்தை காதுக்குள்ள வச்சா உடம்பு சும்மா இருக்குமா?

வ அலைக்கும் ஸலாம் தம்பி. உன் கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. கீழக்கரையில உங்க வாப்பா சங்கு குளிக்கப் போறவங்க, இடது காது ஜவ்வு கிழிஞ்சு வருஷக்கணக்கா ஆறாம கிடக்கு, தண்ணி பட்டா சீழ் வருது. பட்டுல காது ஜவ்வு மாதிரியே ஒண்ணு செஞ்சு வைக்கிறாங்கன்னு நீ படிச்சிருக்க, மைக்ரோபயாலஜி படிக்கிறதால உனக்கு உடனே சந்தேகம் வந்துருச்சு, ஒரு புழுவோட புரதத்தை மனுஷன் உடம்புக்குள்ள வச்சா நோய் எதிர்ப்பு சக்தி அதை விட்டு வைக்குமான்னு. கூடவே வாப்பாவுக்கு எறா நண்டு சாப்ட்டா உடம்பெல்லாம் தடிச்சிடும், அதுக்கும் இதுக்கும் தொடர்பு உண்டான்னு கேட்டிருக்க. கடைசியா ஆம்பளைக்கு பட்டு கூடாதேன்னும் கேட்டிருக்க, அதுக்கும் வர்றேன்.

நேரா பதில் சொல்லணும்னா, உடம்பு சும்மா இருக்காது. எந்தப் பொருளை உள்ள வச்சாலும் சும்மா இருக்காது, சுத்தமான டைட்டானியம் வச்சாலும் அப்படித்தான். எவ்ளோ வேகமா எதிர்க்குது, எவ்ளோ நாள் எதிர்க்குது, கடைசியில எங்க போய் முடியுதுங்கறதுலதான் எல்லாமே இருக்கு. நல்லா சுத்தம் பண்ணின பட்டு இந்த விஷயத்துல நல்ல பேர் வாங்கின பொருள். சரியா சுத்தம் பண்ணாத பட்டு கெட்ட பேரும் வாங்கியிருக்கு. ரெண்டையும் ஒரே பேர்ல கூப்பிடுறதாலதான் இவ்ளோ குழப்பமும், நீ படிச்ச கட்டுரைங்க ஒண்ணுக்கொண்ணு முரணா இருந்ததுக்கும் அதான் காரணம்.

மல்பெரி இலை தின்னுற பட்டுப்புழு கட்டுற கூட்டுல ரெண்டு வகை புரதம் இருக்கு. நடுவுல நாரா ஓடுறது ஃபைப்ராயின், எடையில 70லேர்ந்து 80 சதவீதம் வரைக்கும் அதுதான். அதைச் சுத்தி கோந்து மாதிரி பூசியிருக்கிறது செரிசின், மீதி 20லேர்ந்து 30 சதவீதம். ஃபைப்ராயின்ல பெரிய சங்கிலி ஒண்ணு சுமார் 390 கிலோடால்டன் (மூலக்கூறு எடையோட அளவு), சின்ன சங்கிலி ஒண்ணு சுமார் 26 கிலோடால்டன், கூட பி25ன்னு ஒரு கிளைக்கோபுரோட்டீன், அதாவது சர்க்கரை ஒட்டின புரதம். பெரிய சங்கிலியில கிளைசின், அலனின், செரின் இந்த மூணும்தான் திரும்பத் திரும்ப வரும், அதுங்க மடிஞ்சு ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா அடுக்கிக்கிட்டு பீட்டா ஷீட் படிகமா மாறிடும். தண்ணி உள்ள போகாது, என்சைம் சுலபத்துல கடிக்க முடியாது, எதிர்ப்பு செல்கள் பிடிச்சுக்கிற மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற பகுதியும் கம்மி. ஃபைப்ராயின் பெரும்பாலும் அமைதியா இருக்கறதுக்கு இதுதான் அடிப்படைன்னு நான் நினைக்கிறேன்.

செரிசினை எடுக்க என்ன பண்றாங்கன்னா, கூட்டை வெட்டி 0.02 மோலார் சோடியம் கார்பனேட் கரைசல்ல, அதாவது சலவை சோடா தண்ணியில, அரை மணி நேரம் கொதிக்க வைக்கிறாங்க. அப்புறம் நல்லா அலசி காய வச்சு, 9.3 மோலார் லித்தியம் புரோமைடுல 60 டிகிரியில நாலு மணி நேரம் கரைச்சு, டயாலிசிஸ் பையில போட்டு உப்பை வெளியேத்துனா தண்ணியில கரைஞ்ச ஃபைப்ராயின் கிடைக்கும். அமெரிக்காவுல டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துல டேவிட் கப்லானோட குழு பரவலாக்கின முறை இது, இன்னிக்கு பட்டு ஆராய்ச்சி பண்ற நிறைய லேப்ல இதையோ இதோட மாறுதலையோதான் பண்றாங்க. அந்த கரைசல்லேர்ந்து ஃபிலிம் ஊத்தலாம், ஸ்பாஞ்ச் செய்யலாம், ஜெல் ஆக்கலாம்.

இப்ப பழைய கதைக்கு வருவோம், பட்டு மேல பயம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாதான் மத்தது புரியும். பட்டு நூல்ல தையல் போடுறது டாக்டருங்க ரொம்ப காலமா பண்ணிட்டு வர்றது, இன்னிக்கும் கறுப்பு நூல் தையல் பலதும் பட்டுதான். 1984ல கண்புரை ஆபரேஷன்ல போட்ட விர்ஜின் சில்க் தையல், அதாவது செரிசின் எடுக்காத பச்சைப் பட்டு, கண்ணுல எதிர்வினை உண்டாக்குனதா அறிக்கை வந்துச்சு. பட்டு ஆலையில வேலை பாக்குறவங்களுக்கு ஆஸ்துமா வர்றதும் அவங்க ரத்தத்துல பட்டுப் புரதத்துக்கு எதிரா ஐஜிஇங்கிற அலர்ஜி ஆன்டிபாடி இருக்கறதும் ஏற்கனவே தெரிஞ்ச விஷயம். எல்லாத்தையும் சேர்த்து வச்சு பாத்தவங்க குற்றவாளி செரிசின்தான்னு முடிவு கட்டிட்டாங்க. பாடப் புத்தகத்துல ஒரு வரியில அப்படித்தான் போட்டிருப்பாங்க, செரிசினை எடுத்தா எல்லாம் சரின்னு.

விஷயம் அவ்ளோ நேர்கோடு இல்ல. 2003ல பனிலைடிஸ், ஆல்ட்மன், கப்லான் இவங்கல்லாம் சேர்ந்து ஒரு வேலை வெளியிட்டாங்க, பட்டைப் பத்தி பேசுறவங்க எல்லாரும் அதை முழுசா படிக்கணும்னு நான் சொல்லுவேன். எலியோட மேக்ரோஃபேஜ் செல்லை, அதாவது அந்நியப் பொருளை விழுங்குற எதிர்ப்பு செல்லை எடுத்து பட்டோட வளர்த்து, அது டி.என்.எஃப்ங்கிற அழற்சி புரதத்தை எவ்ளோ விடுதுன்னு அளந்தாங்க. நூலா இருக்கும்போது பட்டு கிட்டத்தட்ட எதையுமே கிளப்பல. செரிசினை மட்டும் தனியா கரைச்சு ஊத்துனாங்க, அதுவும் பெருசா கிளப்பல! ஆனா அதே ஃபைப்ராயினை கரையாத பொடித் துகளா போட்டா டி.என்.எஃப் நல்லாவே ஏறுச்சு. அதே மாதிரி செரிசினோட கூட பாக்டீரியா எல்.பி.எஸ்ஸும் (அது என்னன்னு கீழ சொல்றேன்) இருந்துச்சுன்னா ரெண்டும் கை கோத்துக்கிட்டு, தனித்தனியா பண்றதை விட அதிகமா அழற்சியைத் தூண்டுச்சு.

இந்த முடிவுகளை நிதானமா யோசிச்சுப் பாரு. ஒரே புரதம்தான், நூலா இருந்தா அமைதி, பொடியா இருந்தா அழற்சி. மேக்ரோஃபேஜோட அளவு 20 மைக்ரான் சுத்தி இருக்கும், அதை விடச் சின்ன துகளை விழுங்கிடும், விழுங்கினது செரிக்கலன்னா செல்லுக்குள்ள அலாரம் அடிக்கும். நீளமான நூலையோ விரிஞ்ச ஃபிலிமையோ விழுங்க முடியாது, மேல ஒட்டிக்கிட்டு உக்காரும். அதனால உரசி உரசி தூளாகுற மாதிரி ஒரு பட்டுப் பொருளை உடம்புக்குள்ள வச்சா, வச்ச அன்னிக்கு நல்லா இருந்துச்சுங்கறது போதாது, ஆறு மாசம் கழிச்சு அது எந்த வடிவத்துல இருக்குங்கறதையும் பாக்கணும். செரிசின் விஷயமும் அப்படித்தான். அது தனியா நிரபராதி மாதிரி தெரியும், ஆனா கிருமி இருக்கிற இடத்துல மிச்சம் இருந்துச்சுன்னா சும்மா இருக்காது. உங்க வாப்பாவுக்கு சீழ் வர்ற காது, இந்த ஒரு விஷயத்தை அப்படியே மனசுல வச்சுக்க, திரும்ப வர்றேன்.

தாய்லாந்துல சுலலாங்கோர்ன் பல்கலைக்கழகத்துல அராம்வித் அம்மா குழு செரிசினையே மருந்தா புண்ணு மேல போட்டு ஆராய்ச்சி பண்ணிட்டு வர்றாங்க, நல்ல முடிவும் வந்திருக்கு. அதனால செரிசின்னா விஷம்ங்கிற பேச்சை விட்டுடலாம். எங்க, எவ்ளோ, எதோட சேர்ந்துங்கறதுதான் கணக்கு.

எல்.பி.எஸ்னு சொன்னேன்ல, கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவோட வெளிச்சுவர்ல இருக்கிற சாமான், எண்டோடாக்சின்னும் சொல்வாங்க, உனக்கு தெரியாததில்ல. என் அனுபவத்துல பட்டு ஆராய்ச்சியில ரொம்பப் பேரு சறுக்குறது இங்கதான். கூடு வர்றது பண்ணையிலேர்ந்து, அதுல புழுவோட கழிவு, தூசி, பாக்டீரியா எல்லாம் இருக்கும். டயாலிசிஸ் பண்ற தண்ணி ரெண்டு மூணு நாள் வெளிய நிக்கும், அந்தத் தண்ணியிலயே பாக்டீரியா வளரும். அப்புறம் ஆட்டோகிளேவ்ல, அதாவது அழுத்த நீராவிப் பாத்திரத்துல வச்சு ஸ்டெரைல்னு எழுதிடுவாங்க. பாக்டீரியா செத்துரும், ஆனா எண்டோடாக்சின் 121 டிகிரிக்கெல்லாம் அசையாது, கண்ணாடிப் பாத்திரத்துலேர்ந்து அதைப் போக்கணும்னாலே 250 டிகிரி உலர் சூட்டுல அரை மணி நேரம் வைக்கணும், புரதத்தை அப்படி வைக்க முடியுமா? அதனால ஆரம்பத்துலேர்ந்தே சேராம பாத்துக்கறதுதான் வழி. இதைப் பண்ணாம செல்லு மேல பட்டை ஊத்தி, டி.என்.எஃப் ஏறுது, பட்டு அழற்சி உண்டாக்குதுன்னு எழுதினா அது பட்டைப் பத்தின உண்மை இல்ல, அந்த லேப் தண்ணியப் பத்தின உண்மை. சிலந்திப் பட்டுன்னு சொல்றாங்களே, அதை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ளயே தயாரிக்கிறாங்க, அங்க இந்தப் பிரச்சனை இன்னும் பெருசு.

எண்டோடாக்சினைக் கண்டுபிடிக்கிற டெஸ்டே கடல்லேர்ந்து வந்ததுதான் தம்பி. 1956ல ஃபிரெடெரிக் பேங்னு ஒருத்தர், குதிரைலாட நண்டோட ரத்தம் கிராம் நெகட்டிவ் பாக்டீரியா பட்டா உறைஞ்சு போறதைப் பாத்து எழுதினாரு, அப்புறம் ஜாக் லெவின்கூட சேர்ந்து அதை டெஸ்டா மாத்துனாங்க, எல்.ஏ.எல் டெஸ்ட்னு பேரு, 1977லேர்ந்து அமெரிக்காவுல அனுமதி. அவங்க பாத்தது அமெரிக்கக் கரை நண்டு, அதோட உறவு இனங்க நம்ம மன்னார் வளைகுடா பக்கம் கிடையாது, ஒடிசா வங்காளக் கரையில உண்டு. உடம்புக்குள்ள வைக்கிற சாதாரண மருத்துவப் பொருளுக்கு ஒரு துண்டுக்கு 20 எண்டோடாக்சின் யூனிட்தான் அமெரிக்க எஃப்.டி.ஏ வச்சிருக்கிற எல்லை, மூளைத் தண்டுவட நீர் படுற பொருளுக்கு 2.15. நீ ஒரு பட்டுக் கட்டுரை படிக்கும்போது இந்த எண் அதுல இருக்கான்னு முதல்ல தேடு. இல்லைன்னா அவங்க அழற்சி முடிவை நல்லதோ கெட்டதோ பாதி நம்பிக்கையோட மட்டும் எடுத்துக்க.

சரி, ஒரு பொருள் உள்ள போனதும் என்ன நடக்குதுன்னு பாப்போம். நம்ம பக்கத்துல பாசி எடுக்கப் போற அக்காமாருங்க கால்ல, பாறையில ஒட்டியிருக்கிற அந்த உருண்டை முள்ளு உயிரி குத்தி முள்ளு உள்ளயே உடைஞ்சிடுறது உண்டுல்ல, கொஞ்ச நாள் வலிக்கும், சிலருக்கு அப்புறம் மாசக்கணக்கா அந்த இடத்துல கெட்டியா ஒரு கட்டி நிக்கும். அது கிரானுலோமா. உடம்பால அந்த முள்ளை கரைக்கவும் முடியல, தள்ளவும் முடியல, சுத்தி செல்லுங்களை நிறுத்தி சுவர் கட்டிருச்சு. இம்பிளான்ட் வச்சாலும் இதே ஆளுங்கதான் வர்றாங்க. வச்ச சில நொடியிலேயே ரத்தத்துல இருக்கிற அல்புமின், ஃபைப்ரினோஜன் எல்லாம் மேல படிஞ்சிடும், அதனால செல்லு வந்து பாக்குறது பட்டை இல்ல, பட்டு மேல படிஞ்ச நம்ம புரதத்தை. அப்புறம் நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணு வந்து ரெண்டு நாள் இருக்கும், அப்புறம் மோனோசைட்ங்கிற இன்னொரு வெள்ளை அணு வந்து மேக்ரோஃபேஜா மாறும். ஐ.எல்4, ஐ.எல்13ங்கிற சைகைப் புரதங்களோட தூண்டுதல்ல சில மேக்ரோஃபேஜ் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பல உட்கரு உள்ள ராட்சச செல்லாவும் ஆகும். கடைசியில ஒண்ணு நார்த்திசுவால உறை போட்டு ஒதுக்கி வைக்கும், இல்லைன்னா பொருளைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டே அந்த இடத்துல நம்ம திசுவை வளர விடும். திசுப் பொறியியல்ல நமக்கு வேணுங்கறது ரெண்டாவது.

இந்தச் செல்லுங்களை முதன்முதல்ல கண்டுபிடிச்சதும் கடற்கரையிலதான். 1882ல இத்தாலியில மெஸ்ஸினா ஊர்ல இல்யா மெச்னிகோவ், நட்சத்திர மீனோட கண்ணாடி மாதிரி தெரியிற லார்வாவுக்குள்ள ஒரு முள்ளைக் குத்தி வச்சாரு, மறுநாள் காலையில பாத்தா முள்ளைச் சுத்தி செல்லுங்க கூட்டமா நிக்குது. அதுக்குத்தான் 1908ல நோபல். நீ மண்டபம் பக்கம் போனா நட்சத்திர மீன் கிடைக்கும், மைக்ரோஸ்கோப்பும் கையில இருந்தா இதையெல்லாம் நினைச்சுப் பாரு, எனக்கு இன்னிக்கும் சிலிர்க்கும்.

அந்த மேக்ரோஃபேஜைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எம்1ன்னா சண்டை போடுறது, எம்2ன்னா ஆத்துறதுன்னு ரெண்டா பிரிச்சு வகுப்புல சொல்லிக் கொடுத்திருப்பாங்க. நிஜத்துல அது ரெண்டு பெட்டி இல்ல, நடுவுல பல நிலை இருக்கு, முக்கியமா ஆரம்பத்துல கொஞ்சம் சண்டைக் குணம் வேணும், ரத்தக்குழாய் முளைக்கறதுக்கே அது தேவை. அப்புறம் நேரத்துக்கு ஆத்துற பக்கம் திரும்பணும். அழற்சியே இல்லாத பொருள்தான் சிறந்ததுன்னு சிலர் பேசுறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அழற்சி ஒண்ணுமே வரலன்னா யாரு அந்தப் பட்டைத் தின்னு இடம் விடுவா? ஃபைப்ராயினை உடம்புல கரைக்கிறதே பெரும்பாலும் அந்த மேக்ரோஃபேஜும் அது விடுற என்சைமும்தான்.

கரையிற வேகத்தை நாம மாத்திக்கலாம்ங்கறதுதான் பட்டோட பெரிய பலம். அமெரிக்க மருந்துத் தரக் கையேடு பட்டுத் தையலை கரையாத வகையிலதான் வச்சிருக்கு, ஏன்னா 60 நாள் கழிச்சும் பாதி பலத்துக்கு மேல நிக்கும். ஆனா உண்மையில ஒரு வருஷத்துல பலம் பெரும்பாலும் போயிடும், ரெண்டு வருஷத்துல பொதுவா நூலையே காண முடியாது. 2008ல கப்லான் குழுவே எலியில வச்சுப் பாத்ததுல, தண்ணியில செஞ்ச பட்டு ஸ்பாஞ்ச் ரெண்டுலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள கரைஞ்சுது, அதே பட்டை ஹெக்ஸாஃபுளோரோ ஐசோபுரொப்பனால்ங்கிற கரைப்பான்ல செஞ்சப்ப ஒரு வருஷம் தாண்டியும் இருந்துச்சு. பட்டு ஒண்ணுதான், செஞ்ச விதம் வேற. பீட்டா ஷீட் அதிகமானா மெதுவா கரையும், சோடாவுல அதிக நேரம் கொதிக்க வச்சா சங்கிலி துண்டாகி சீக்கிரம் கரையும். 2005ல மைனல் குழு பட்டு ஃபிலிம், கொலாஜன், பாலிலாக்டிக் ஆசிட் மூணையும் எலியோட தசைக்குள்ள வச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க, பட்டுல திசு அழற்சி மத்த ரெண்டையும் விடக் கம்மி. கொலாஜன் நம்ம உடம்புல இருக்கிறது, அதை விட புழுவோட புரதம் அமைதியா இருந்துச்சுன்னா பாத்துக்க. ஆனா அது எலி, அது ஃபிலிம், சுத்தமா செஞ்ச பட்டு. அதை வச்சு எல்லாப் பட்டுக்கும் சான்றிதழ் கொடுக்க மாட்டேன்.

நம்ம நாட்டுலயும் நல்ல வேலை நடக்குது. ஐ.ஐ.டி கரக்பூர்ல சுபாஷ் குண்டு தசர் பட்டை வச்சு ரொம்ப வருஷம் பண்ணினாரு, ஐ.ஐ.டி கௌஹாத்தியில பிமன் மண்டல் முகா பட்டுல பண்றாரு. இந்தக் காட்டுப் பட்டுகள்ல ஆர்.ஜி.டிங்கிற மூணு அமினோ அமில வரிசை இருக்கு, செல்லு பிடிச்சுக்கறதுக்கு வசதியான இடம். மல்பெரிப் பட்டுல அது இல்ல. ஆனா காட்டுப் பட்டை கரைக்கிறது கஷ்டம், அதோட எதிர்வினையை மல்பெரிப் பட்டு தரவை வச்சு ஊகிக்கவும் கூடாது, தனியா சோதிக்கணும்.

இப்ப அலர்ஜி. அழற்சியும் அலர்ஜியும் வேற வேற, நீ கலந்து கேட்டிருக்க. இதுவரைக்கும் சொன்னது எல்லாருக்கும் பொதுவா நடக்கிற எதிர்வினை. அலர்ஜிங்கறது ஏற்கனவே பழகின ஆளுக்கு ஐஜிஇ வழியா வர்றது. எறா, நண்டு அலர்ஜிக்கு முக்கிய காரணம் அதுங்க தசையில இருக்கிற டிரோபோமையோசின், அப்புறம் ஆர்ஜினின் கைனேஸ். பட்டுப்புழு பியூப்பாவுலயும், அதாவது கூட்டுக்குள்ள இருக்கிற கூட்டுப்புழுவுலயும், அதே குடும்பத்துப் புரதம் இருக்கு, பியூப்பா சாப்பிடுற நாடுகள்ல எறா அலர்ஜி உள்ளவங்களுக்கு அது ஒத்துக்காம போக வாய்ப்பு உண்டு. ஆனா அதெல்லாம் புழுவோட தசைப் புரதம். பட்டு நூல் வர்றது பட்டுச் சுரப்பியிலேர்ந்து, அது வேற புரதம். கூட்டை வெட்டி பியூப்பாவை எடுத்துட்டு, சோடாவுல கொதிக்க வச்சு, கரைச்சு வடிகட்டின ஃபைப்ராயின்ல தசைப் புரதம் இருக்கக் கூடாது. அதனால எறா ஒத்துக்கலங்கறதுக்காகவே பட்டு ஒத்துக்காதுன்னு சொல்ல முடியாது. அதே நேரம் பயமே வேணாம்னும் சொல்ல மாட்டேன், 1999ல ஜப்பான்ல பட்டுத் தையலால ஃபைப்ராயினுக்கே ஐஜிஇ உண்டான ஒரு நோயாளியைப் பத்தி எழுதியிருக்காங்க. அபூர்வம், ஆனா உண்டு. வாப்பாவுக்கு முன்னாடி எப்பவாச்சும் கறுப்பு நூல் தையல் போட்டு அந்த இடம் அளவுக்கு மீறி சிவந்து தடிச்சுதான்னு உம்மாகிட்ட கேட்டுப் பாரு. அப்படி இருந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும், எறா அலர்ஜியையும் சேர்த்துத்தான்.

காதுக்கு வருவோம். அஞ்சாறு பாகம், அதாவது சுமார் பத்து மீட்டர் ஆழம் போனாலே அழுத்தம் மேல இருக்கிறதை விட ரெட்டிப்பு ஆயிடும், மூக்கைப் பிடிச்சு காத்தை சமன் பண்ணாம இறங்குனா, இல்ல சளி பிடிச்சிருக்கும்போது இறங்குனா, 0.1 மில்லிமீட்டர் மொத்தம்தான் இருக்கிற ஜவ்வு தாங்காது. கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை பக்கம் குளியாளிங்க வீட்டுல காது மந்தமான பெரியவங்க இல்லாத வீடு குறைவு, உனக்கே தெரியும், அதைப் பாத்து வளந்ததாலதான் எனக்கு இந்த விஷயத்துல இவ்ளோ அக்கறை. புதுசா கிழிஞ்ச ஜவ்வு பெரும்பாலும் தன்னால சில வாரத்துல மூடிக்கும், தண்ணி படாம இருந்தா. படாம இருக்க முடியுமா, சீசன்ல வேலைக்குப் போகாம எப்படி, அதுதான் நம்மாளுங்க காது ஆறாம போறதுக்கு காரணம்.

பழசான ஓட்டையை மூட இன்னிக்கு டாக்டருங்க காதுக்கு மேல இருக்கிற தசையோட உறைய, டெம்போராலிஸ் ஃபேசியான்னு சொல்வாங்க, ஒரு துண்டு எடுத்து ஒட்டுறாங்க. சொந்தத் திசு, எதிர்ப்புப் பிரச்சனை கிடையாது. பட்டு எதுக்குன்னா, வெட்டி எடுக்க வேணாம், ஒரே அளவுல கிடைக்கும், கண்ணாடி மாதிரி தெரியும், அந்த மெல்லிசுலயும் அதிர்வை நல்லா கடத்தும். தென்கொரியாவுல புதுசா கிழிஞ்ச ஜவ்வுக்கு பட்டு ஃபிலிம் ஒட்டிப் பாத்திருக்காங்க. ஆஸ்திரேலியாவுல பெர்த்ல இருக்கிற இயர் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட், டீக்கின் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து கிளியர்டிரம்னு ஒண்ணு செய்யிறாங்க. மார்கஸ் அட்லஸும் ரங்கம் ராஜ்கோவாவும் அதுல முக்கியமானவங்க.

ஆனா உங்க வாப்பா காதுக்கு இது பொருந்துமாங்கறதுல எனக்கு ஒரு கவலை இருக்கு, முன்னாடி மனசுல வச்சுக்கன்னு சொன்னேனே அதுதான். நாள்பட்ட சீழ் காதுல அடிக்கடி கிடைக்கிற கிருமி சூடோமோனாஸ் எருஜினோசா, அது கிராம் நெகட்டிவ், அங்க எல்.பி.எஸ் எப்பவும் இருந்துக்கிட்டே இருக்கும். அந்த இடத்துல வைக்கிற பட்டுல கொஞ்சம் செரிசின் மிச்சம் இருந்தாலும் ரெண்டும் சேர்ந்து அழற்சியைக் கூட்டலாம், கிருமி விடுற புரோட்டியேஸ், அதாவது புரதத்தைக் கடிக்கிற என்சைம், பட்டை நினைச்சதை விட சீக்கிரமா கரைக்கலாம், கரையும்போது துகளும் வரலாம். எலித் தசையில கிடைச்ச நல்ல முடிவு எல்லாம் கிருமி இல்லாத இடத்துல எடுத்தது. இது என் கணிப்புதான், ஆனா செல்லு அளவுல தெரிஞ்ச விஷயங்களை வச்சு நேரா வர்ற கணிப்பு. அதனால பட்டோ சொந்தத் திசுவோ, காது முதல்ல காயணும், சீழ் நிக்கணும், அதுக்கு அப்புறம்தான் எதுவும்.

பட்டு ஆம்பளைக்கு ஆகுமாங்கற கேள்வி. நான் ஆலிம் இல்ல, தீர்ப்பு சொல்ற இடத்துல நான் இல்ல, நம்ம ஊர் ஆலிம்கிட்ட கேட்டுக்க. ஒண்ணு மட்டும் ஞாபகப்படுத்துறேன், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) இவங்க ரெண்டு பேருக்கும் உடம்புல அரிப்பு இருந்ததுக்காக நபி (ஸல்) அவங்க பட்டு உடுத்த அனுமதி கொடுத்தாங்கன்னு புகாரியிலயும் முஸ்லிம்லயும் இருக்கு. தோல் நோவுக்காக உடுத்தறதுக்கே அப்படி ஒரு வழி இருந்திருக்கு, இதை ஆலிம்கிட்ட சொல்லிக் கேளு. வாப்பா மனசு நிம்மதியா இருக்கறதும் சிகிச்சையில ஒரு பங்குதான்.

நீ ஃபைனல் இயர் புராஜெக்ட் பட்டுல பண்ணலாமான்னும் ஓரமா கேட்டிருந்த. பண்ணு, ஆனா ஸ்கஃபோல்டு, அதாவது செல்லு வளர்றதுக்கான சட்டகம், செஞ்சு செல்லு வளத்தேன்னு இன்னொரு தடவை அதையே பண்ணாத. பிக்ரோகார்மின் சாயம் போட்டா செரிசின் சிவப்பாவும் ஃபைப்ராயின் மஞ்சளாவும் தெரியும், சோடாவுல 10, 20, 30, 60 நிமிஷம் கொதிக்க வச்சு எவ்ளோ செரிசின் மிச்சம் இருக்குன்னு பாரு, ஒவ்வொண்ணுலயும் எண்டோடாக்சின் அளந்துடு, அப்புறம் சூடோமோனாஸ் வளந்த கரைசல்ல அந்த ஃபிலிம் எவ்ளோ நாள்ல கரையுதுன்னு எடை போட்டுப் பாரு. மிருகச் சோதனையெல்லாம் வேணாம், உங்க காலேஜ் லேப்லயே முடியும், எல்.ஏ.எல் கிட் மட்டும் கொஞ்சம் காசு, அதுக்கு கைடுகிட்ட சண்டை போட்டாவது வாங்கு. நம்ம கடற்கரைக் காதுங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுற தரவு அது.

வாப்பாவை இந்த வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு கூட்டிட்டுப் போ, சீழை கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமின்னு வளத்துப் பாக்குற டெஸ்டுக்கு, அனுப்பச் சொல்லு, கேட்கும் திறன் டெஸ்டும் எடுக்கச் சொல்லு. ஃபேசியா ஆபரேஷன் அவங்களுக்கு ஏத்ததான்னு முதல்ல அதைக் கேளு, பட்டைப் பத்தி அப்புறம். அதுவரைக்கும் குளிக்கும்போது பஞ்சுல வாஸ்லின் தடவி காதை அடைச்சுக்கணும், எண்ணெய் ஊத்துறது, கோழி இறகு விட்டுக் குடையறது எல்லாம் கூடவே கூடாது. ஓட்டை மூடி டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வாப்பா கடல்ல இறங்கக் கூடாது, இறங்காத மாசத்துக்கு வீட்டுச் செலவுக்கு என்ன பண்றதுன்னு சம்மாட்டிகிட்ட (படகு முதலாளி) நீயே போய் பேசு, வாப்பா கேக்க கூச்சப்படுவாங்க. கல்ச்சர் ரிசல்ட் வந்ததும் எனக்கு அனுப்பு, பாக்குறேன்.